ராத்திரி வார்டில் எத்தனை சிஸ்டர்?

கோயமுத்தூரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால் சொந்தபந்தங்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். "எந்த ஆஸ்பத்திரிங்க?", "டாக்டர் யாருங்க?", "எவ்வளவு ஆகும்னு சொன்னாங்க?" கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஸ்கேன் மெஷின் புதுசா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்பது வரை போவார்கள். அவிநாசி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, திருச்சி ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய மருத்துவமனை நிற்கிற ஊர் இது. பாலக்காட்டிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் கரூரிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறார்கள், அத்தனை பேரும் ஏதோ ஒரு டாக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வார்டில் எத்தனை சிஸ்டர் இருப்பாங்க, ஒருத்தர் கையில் எத்தனை நோயாளி என்று விசாரித்துவிட்டு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருந்தால் அபூர்வம். முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டாக்டர் மட்டும் போதுமென்றால் ஓ.பி. சீட்டோடு வேலை முடிந்துவிடும். பார்ப்பார், மாத்திரை எழுதுவார், வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அட்மிஷன் போடுவது எதற்காக? அடுத்த சில மணி நேரத்தில் இவர் உடம்பில் ஏதாவது மாறலாம், மாறினால் யாராவது உடனே கவனிக்க வேண்டும் என்பதற்காக. டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் வருவார், சாயங்காலம் ஒருமுறை வருவார், ஒரு கட்டில் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் பெரிசு. மிச்சமுள்ள இருபத்துமூன்று மணிச் சொச்சமும் அந்த உடம்பு யார் கண்ணில் இருக்கிறது? ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் வருகிற நர்சுகளின் கண்ணில். பில்லில் 'ரூம் வாடகை' என்று ஒரு தொகை போடுகிறார்களே, நியாயமாகப் பார்த்தால் அதில் பெரும்பகுதி இந்தக் கண்காணிப்புக்கான கூலி.

அந்தக் கண்காணிப்பில் என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பி.பி. பார்க்கிறார், காய்ச்சல் பார்க்கிறார், சார்ட்டில் எழுதுகிறார், போய்விடுகிறார். இதில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சின் எண்ணிக்கை. பி.பி.க்கு மெஷின் இருக்கிறது, நாடிக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை மட்டும் சாதாரண வார்டில் ஒரு ஆள் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். அதற்கு ஒரு முழு நிமிடம் வேண்டும். நேரமில்லாத வார்டில் முதலில் பலியாவது அந்த நிமிடம்தான். சார்ட்டில் 18, 20 என்று வழக்கமான எண் விழுந்துவிடும். ஆனால் உள்ளே கிருமி பரவும்போதும், ரத்தம் கசியும்போதும், நுரையீரலில் கோளாறு தொடங்கும்போதும் பி.பி. இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கு மட்டுமே உச்சபட்ச மூன்று புள்ளி. நாடி, பி.பி., ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், நினைவு எல்லாவற்றையும் கூட்டி ஏழைத் தொட்டால் அவசரக் குழுவை ஓடி வரச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டல் கணக்கைப் போடுவது வார்டு நர்ஸ். அவர் எண்ணவில்லையென்றால் அவசரக் குழு வரப்போவதில்லை, டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

நம் பக்கத்துக்கே உரிய உதாரணம் பாம்புக்கடி. சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கம் கரும்புக்காட்டிலோ மஞ்சள்காட்டிலோ வேலை செய்பவருக்கும், தரையில் பாய் போட்டுத் தூங்குபவருக்கும் இது வருஷா வருஷம் வருகிற ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவுடன் செய்கிற முதல் சோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லையென்றால் கண்ணாடி விரியன் மாதிரியான பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயை எடுத்துவிட்டால் முடிவே தப்பாகிவிடும். குழாயில் அக்கறை காட்டுவதும், இருபது நிமிடம் யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நர்சின் பொறுப்பு. கட்டுவிரியன் கடி இன்னும் ஏமாற்றும்; கடிவாயில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது, விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார்கள். சில மணி நேரம் கழித்துக் கண் இமை கீழே இறங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். இதைப் பிடிக்க நர்சுகள் செய்கிற வேலை எளிமையானது. "ஐயா, ஒரே மூச்சில எதுவரைக்கும் எண்ணுவீங்கன்னு எண்ணுங்க பார்க்கலாம்." முதலில் முப்பது வரை போனவர் அடுத்த முறை பதினைந்தில் நின்றால் வென்டிலேட்டர் தேவைப்படப் போகிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றத் தொடங்கும்போது முதல் சில நிமிடங்கள் கட்டிலை விட்டு நகரக்கூடாது. அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு எது வந்தாலும் நிறுத்திவிட்டு, தயாராக வைத்திருக்கும் அட்ரினலினைப் போடச் சொல்ல வேண்டும். கேஷுவால்டியில் இருக்கும் ஒரே டாக்டர் அந்நேரம் விபத்துக் கேஸ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடிபட்டவர் பிழைப்பதும் பிழைக்காததும் ஒருவர் அந்தக் கட்டிலருகே நிற்க முடிந்ததா என்பதைப் பொறுத்தது.

"டாக்டர் எழுதினதைச் செய்யறவங்கதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேச்சு?" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி நிர்வாகங்களே பல இடங்களில் இப்படித்தான் நினைக்கின்றன. ஆனால் எழுதியதைச் செய்வது என்பதற்குள்ளேயே எவ்வளவு முடிவெடுத்தல் இருக்கிறது என்பதற்கு இன்சுலின் ஒன்று போதும். சர்க்கரைக்காரர் இல்லாத வீடு குறைவு என்பதால் எல்லோருக்கும் புரியும். நம் நாட்டில் இன்சுலின் புட்டி இரண்டு வகையில் கிடைக்கிறது, ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை, சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி. டாக்டர் '20 யூனிட்' என்று சரியாகவே எழுதியிருக்கிறார். நூறு யூனிட் புட்டியிலிருந்து நாற்பதுக்கான ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி மூன்று மணிக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும், தூங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கலக்காமல் நேரடியாக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். மருந்து எழுதும் கைக்கும் நோயாளியின் நரம்புக்கும் நடுவில் கடைசியாக நிற்பவர் நர்ஸ். அவருக்குப் பின்னால் சரிபார்க்க யாரும் கிடையாது. அளவு தப்பாகத் தெரிந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர், இந்த டோஸ் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று போன் போடுவது அவர் கடமை. மூன்று வருட டிப்ளமோவோ நான்கு வருட பி.எஸ்ஸி.யோ படித்துத் தேறி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்து எண் வாங்கிக்கொள்வது இந்தப் பொறுப்பைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்வதற்குத்தான். மதராஸ் மாகாணத்தில் இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. நூறு வருஷம் ஆகிறது. ராத்திரியில் எழுப்பினால் டாக்டர் கத்துவாரோ என்று பயந்து போன் எடுக்காத நர்சுகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் பயத்தை உண்டாக்கிவைத்த ஆஸ்பத்திரிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தர்க்கம், ஆதாரம் எங்கே என்று கேட்டால் அதுவும் கனமாகவே இருக்கிறது. 1992-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி சில்பரும் கூட்டாளிகளும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் வயதையும் நோயையும் பொறுத்தது. சிக்கல் வந்தவர் சாவதா பிழைப்பதா என்பதோ ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. அதாவது நல்ல ஆஸ்பத்திரியிலும் சிக்கல் வரும், அங்கே அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். யார் கண்டுபிடிப்பார்கள் என்பதை லிண்டா ஏகனின் குழு பின்தொடர்ந்தது. 2002-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், ஒரு நர்சின் கையில் ஒரு நோயாளி கூடினால் ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். 2014-ல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகள், நாலு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகள் என்று எடுத்துப் பார்த்தபோதும் விடை அதே 7 சதவீதம்.

நர்ஸ் அதிகமுள்ள ஆஸ்பத்திரி வசதியான ஆஸ்பத்திரியாகவும் இருக்கும், எல்லாமே அங்கே நன்றாக இருக்கும், அதனால் சாவு குறைந்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். நல்ல மறுப்புதான். அதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து விடை கொடுக்கிறது. 2016-ல் அந்த மாநிலம் சில அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் நர்ஸ் எண்ணிக்கையைச் சட்டமாக்கியது. சட்டம் வந்த 27 மருத்துவமனைகளையும் வராத 28-ஐயும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். எண்ணிக்கையை உயர்த்திய இடங்களில் இறப்பும் குறைந்தது, மறுபடி வந்து சேர்வதும் குறைந்தது, படுத்திருக்கும் நாளும் குறைந்தது. மிச்சமான செலவு, கூடுதலாக நர்ஸ் வைக்க ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"அது வெள்ளைக்காரன் ஊர். நம்ம ஊர்லதான் கூட ஒரு ஆள் எப்பவும் இருக்காங்களே" என்பது அடுத்த மறுப்பு. இதைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன், ஏனென்றால் பாதி உண்மை. நம் வார்டுகள் ஓடுவதே அட்டெண்டர்களால்தான். துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ரத்தம் கொண்டுபோய் லேபில் கொடுப்பது, "ஏனுங்க சிஸ்டர், டிரிப்ஸ் தீரப்போகுதுங்க" என்று ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் மகளோ மருமகளோதான். இந்தப் பாசத்தை எந்த ஊர் ஆஸ்பத்திரியும் விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் அந்த மருமகளுக்கு டிரிப்ஸ் தீர்வது தெரியும். மூச்சு 16-லிருந்து 28-க்கு ஏறியது தெரியாது, சிறுநீர்ப் பையில் நாலு மணி நேரமாக எதுவும் சேரவில்லை என்றால் சிறுநீரகம் சிணுங்குகிறது என்று தெரியாது. மாமனார் ராத்திரியில் உளறினால் வயசாச்சு, மருந்து மயக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அட்டெண்டர் நர்சின் உழைப்பில் பாதியைக் குறைப்பார், நர்சின் கவனிப்பை ஈடுகட்ட மாட்டார். சொல்லப்போனால் ஆள் பற்றாக்குறையை வெளியே தெரியாமல் மூடிவைத்திருப்பதே அந்த மருமகளின் உழைப்புதான். 2020-ல் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையைக் கொரோனா மருத்துவமனையாக மாற்றியபோது அட்டெண்டர் யாரும் உள்ளே போக முடியவில்லை. மூடி அப்படியே கழன்றது. தமிழ்நாடு முழுக்க அவசர அவசரமாக ஒப்பந்தத்தில் நர்சுகளை எடுத்தார்கள். அலை ஓய்ந்ததும் 2022 டிசம்பர் 31-ஓடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள், அவர்கள் சேலத்தில் வந்து போராடினார்கள். கொரோனா போய்விட்டது, சரி. அட்டெண்டர்கள் திரும்பி வந்து மூடியை மாட்டிவிட்டார்கள் என்பதைத் தவிர வார்டில் வேறென்ன மாறியது?

எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் கணக்கு இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் என்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்தப் பணியாளர் எண்ணிக்கைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திவிட்டு மூன்று ஷிஃப்டுக்குப் பங்கிட்டால் ஒரு நேரத்தில் ஒருவர் கையில் 9 பேர், 15 பேர் என்று வந்து நிற்கும். அதிலும் காலையில்தான் ரவுண்ட்ஸ், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ் என்று ஆளை நிறைய நிறுத்துவார்கள், ராத்திரிக்கு மிச்சம்தான். ஆகவே "எங்க ஆஸ்பத்திரியில இத்தனை நர்ஸ்" என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இந்த ஷிஃப்டில், இந்த வார்டில் எத்தனை என்பதுதான் எண். பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஒரு சைடருக்கு, அதாவது அதைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு, எத்தனை சைடு கொடுக்கலாம் என்று சங்கமும் நிர்வாகமும் மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பேரம் பேசிய ஊர் இது. சைடு கூடினால் அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்ட முடியாது என்பது மில் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்கு மட்டும் அப்படி ஒரு பேரம் இங்கே நடக்கவே இல்லை.

இப்போது எனக்கே பதில் சொல்லக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். கோபியிலோ தாராபுரத்திலோ உடுமலையிலோ ஒரு டாக்டர் தம்பதி 20 படுக்கையில் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பதிவு பெற்ற நர்ஸ் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஆறு மாதத்தில் கோயமுத்தூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். அதனால் பன்னிரண்டாவது முடித்த பெண்களை எடுத்துத் தாங்களே பழக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்கள் பொறுப்பானவர்கள், உழைப்பாளிகள், நோயாளிக்குப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள். இதைத் தடுத்தால் அந்த ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான், பிரசவத்துக்கும் நெஞ்சுவலிக்கும் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும் என்கிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. பழக்கப்பட்ட உதவியாளருக்கும் பதிவு பெற்ற நர்சுக்கும் ஒரே யூனிஃபார்ம் போட்டு, இருவரையும் 'சிஸ்டர்' என்று கூப்பிடவிட்டு, ராத்திரியில் வார்டை முழுக்க அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு டாக்டர் மாடிக்குத் தூங்கப் போவது. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 243 மருத்துவமனைகளில் நடத்தி 2017-ல் வெளிவந்த ஏகன் குழுவின் இன்னொரு ஆய்வு, 25 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற அளவில் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உதவியாளரைப் போட்டால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. உதவியாளர் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. படுக்கை விரிப்பதும் உடம்பு துடைப்பதும் தள்ளுவண்டி தள்ளுவதும் அவர் செய்தால் நர்சுக்கு மூச்சு எண்ண நேரம் கிடைக்கும். ஊசி மருந்தும், ஆபரேஷன் ஆனவரின் முதல் ராத்திரியும் பதிவு எண் உள்ளவர் கையில் இருக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஒருவரைக்கூட அப்படி வைக்க முடியாத இடத்தில் பெரிய ஆபரேஷன் செய்யாமல் கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ அனுப்புவதுதான் முறை. கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், ஆனால் அந்தப் பெண்ணுக்கும் இதுவே நியாயம். தப்பு நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் நிற்கப் போவது அவர்.

நர்சுகள் ஏன் நிற்பதில்லை என்பதற்குச் சம்பளத்தைப் பேசாமல் முடியாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு ஒரு கணக்குக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை மாநில அரசு நர்சுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும். 100-க்கு மேல் என்றால் 10 சதவீதம் வரை குறையலாம், 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50-க்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. மாநில எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம் யு.என்.ஏ. என்ற நர்சுகள் சங்கத்தின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு கேரள அரசு 2018-ல் 20,000-ஐக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. வாளையாறுக்கு இந்தப் பக்கம் இந்தக் கணக்கு அறிக்கையாகவே கிடக்கிறது. அரசு ஆஸ்பத்திரி மட்டும் ஒழுங்கா என்றால், 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் என்றுதான் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டிவந்தது. சம்பளத்தைக் கூட்டினால் பில் கூடும் என்பார்கள். கூடும். குவீன்ஸ்லாந்தில் மிச்சமானது அரசின் பணம், இங்கே படுக்கை நாள் குறைந்தால் தனியார் ஆஸ்பத்திரிக்கு வரும்படி குறையும், அதனால் அவர்களாக முன்வர மாட்டார்கள் என்பதும் சரியே. ஆகவேதான் இதை நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கு விட முடியாது என்கிறேன். 2023-ல் வந்த தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. ஒரு வார்டில் எத்தனை பேர் என்ற கேள்விப் பக்கம் அது போகவில்லை.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் கிடையாது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனைக் கொடுமைகளை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013-ல் வந்த பிறகு, அடுத்த வருஷத்திலிருந்து அரசு மருத்துவமனைகளின் வார்டு வாசலில், இந்த ஷிஃப்டில் இருக்க வேண்டிய நர்சுகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை என்று எழுதி வைக்கத் தொடங்கினார்கள். நம் மருத்துவமனைகளில் பலகைக்குப் பஞ்சமில்லை. பார்வையாளர் நேரம், செருப்பைக் கழற்றவும், வெளி உணவுக்கு அனுமதி இல்லை, ரூம் வாடகை விவரம் எல்லாம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை: வார்டில் நோயாளிகள் இத்தனை, பதிவு பெற்ற நர்சுகள் இத்தனை, உதவியாளர்கள் இத்தனை; ஷிஃப்டுக்கு ஒருமுறை மார்க்கரில் மாற்றி எழுதினால் போதும். பொய் எழுதுவார்களே என்றால், எழுதலாம்தான். ஆனால் எல்லாக் கட்டில் பக்கத்திலும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு அட்டெண்டர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எண்ணத் தெரியும்.